வாராந்த ஒப்ஷன்: படித்தது ஒரு சந்தை, காசு போட்டது வேறு சந்தை

இதை எழுதக் காரணம் என் சித்தப்பாவின் மகன். கொட்டாஞ்சேனையில் இருக்கிறான், ஐ.டி. வேலை, கையில் கொஞ்சம் டொலர் வருகிறது. அண்மையில் வீட்டுக்கு வந்தபோது, "அண்ணா, நீங்கள் ஒப்ஷன் செய்தனீங்கள்தானே, எப்படி எண்டு ஒருக்கால் சொல்லித் தாங்கோவன்" என்று கேட்டான். சொல்லத் தொடங்கித் தேத்தண்ணியும் ஆறி, இரவுச் சாப்பாடும் முடிந்து, அப்போதும் பாதிக் கதைதான் ஆகியிருந்தது. மிச்சத்தை எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன். நான் தொடங்கிய நேரம் இப்படி ஒருவர் சொல்லியிருந்தால், போன 10,000 டொலரில் பெரும் பகுதி இன்றைக்கும் என்னிடம் இருந்திருக்கும்.

முதலில் காசு வந்த வழி. சிங்கப்பூரில் சில வருடங்கள் கணக்காளராக வேலை செய்துவிட்டு 2021 கடைசியில் குடும்பத்தோடு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தோம். அங்கே இருந்தபோது திறந்த ஒரு வெளிநாட்டு புரோக்கர் கணக்கில் 14,000 அமெரிக்க டொலர் கிடந்தது. அதனால் இங்கிருந்து காசு அனுப்பும் பிரச்சினை எனக்கு வரவில்லை. உங்களிடம் இருப்பது ரூபாய் என்றால் கதை வேறு. அதை டொலராக்கி வெளியே முதலீடு செய்வது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டது. "கிரெடிட் கார்ட்டைத் தட்டுங்கள், போய்விடும்" என்று சொல்கிறவனிடம் கேட்க வேண்டாம். உங்கள் வங்கிக் கிளையில் அந்நியச் செலாவணிப் பகுதியில் இருப்பவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். ஒரு காலை நேரம் செலவாகும், அவ்வளவுதான்.

இது என்ன வியாபாரம் என்று தெரியாதவர்களுக்கு ஒரு உதாரணம். ஒரு பங்கு இன்று 150 டொலர். வருகிற வெள்ளிக்குள் அதை 155 இற்கு வாங்கும் உரிமையை 1.20 டொலருக்கு வாங்கலாம். அது கோல். ஒரு ஒப்பந்தம் 100 பங்குக்கு என்பதால் கையிலிருந்து போவது 120 டொலர். வெள்ளி முடியும்போது பங்கு 155 இற்குக் கீழே நின்றால் 120 டொலரும் போச்சு. 156.20 ஐத் தாண்டினால்தான் இலாபம். விலை இறங்கும் என்று நினைத்தால் விற்கும் உரிமையை வாங்குவார்கள், அது புட். பிளட் ஒன்றுக்கு முற்பணம் கட்டிவிட்டு, சொன்ன திகதிக்குள் மிச்சக் காசு புரளாமல் போனால் முற்பணம் திரும்பி வராதே, அந்த மாதிரித்தான். முற்பணத்தை வாங்கிப் பெட்டியில் போடும் பக்கமும் ஒன்று உண்டு, அதாவது அந்த உரிமையை இன்னொருவருக்கு விற்கும் பக்கம். அந்தப் பக்கத்துக்குப் போனபோதுதான் எனக்குப் பெரிய அடி விழுந்தது.

கொழும்புப் பங்குச் சந்தையில் இப்படி வாராந்த ஒப்ஷன் கிடையாது. அதனால் இதைப் பற்றி நேரில் கேட்க இங்கே ஆட்களும் இல்லை. தமிழில் கிடைத்ததெல்லாம் தமிழ்நாட்டுக்காரர்கள் செய்த வீடியோக்கள். நன்றாகவே விளக்குகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பேசுவது நிஃப்டி பற்றி. நிஃப்டி என்பது இந்தியச் சந்தையில் பல பங்குகளின் விலையைச் சேர்த்துக் காட்டும் ஒரு சுட்டெண். அதன் ஒப்ஷனை முடிவு நாளுக்கு முன்னர் யாரும் பயன்படுத்த முடியாது. முடிவு நாளில் வித்தியாசம் காசாகக் கணக்கில் ஏறும் அல்லது இறங்கும், அத்தோடு சரி. பங்கு என்று எதுவும் கைமாறாது. நான் செய்தது அமெரிக்கத் தனிப் பங்குகளின் ஒப்ஷன். அங்கே உரிமையை வாங்கியவர் எந்த வேலை நாளிலும் அதைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தினால் பங்கே கைமாறும். மேலே சொன்ன உதாரணத்தில், வெள்ளி முடியும்போது பங்கு 155 டொலர் 1 சதமாக நின்றால்கூட, நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதவரை உங்கள் கோல் தானாகவே பயன்படுத்தப்படும். 15,500 டொலருக்குப் பங்கு உங்கள் தலையில் வந்து இறங்கும். கணக்கில் அவ்வளவு இல்லாவிட்டால் பல புரோக்கர்கள் முடிவதற்குச் சற்று முன்னரே அந்த நிலையை உங்களைக் கேட்காமல் விற்றுவிடுவார்கள், அந்த நேரத்தில் என்ன விலை கிடைக்கிறதோ அதற்கு. இந்த இரண்டு சந்தைக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் வீடியோ செய்தவருக்கு அது தேவைப்படவே இல்லை.

பிறகு நேரம். நியூயோர்க் சந்தை காலை 9.30 இற்குத் திறக்கிறது. இங்கே அது இரவு 7 மணி. மூடும்போது இங்கே பின்னிரவு 1.30. நவம்பரிலிருந்து மார்ச் வரை அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதால் 8 மணிக்குத் திறந்து 2.30 இற்கு மூடும். வேலை முடிந்து வந்து செய்யலாம், வசதிதானே என்று ஆரம்பத்தில் சந்தோஷப்பட்டேன். வெள்ளிக்கிழமை முடியும் ஒப்ஷன் ஒன்றில் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் எல்லாம் நடக்கும். பங்கு அரை டொலர் அசைந்தால் ஒப்ஷன் இரட்டிப்பாகும், இல்லை பூச்சியமாகும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு 12.30 இலிருந்து 1.30 வரை. காலையில் கோட்டையில் ஒபிஸ், கண் எரிந்துகொண்டிருக்கும், மூளை அதற்கு முதலே தூங்கியிருக்கும். மனைவி அறைக் கதவைத் திறந்து, "இஞ்சருங்கோ, விடியப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட வேணும், ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போவா. ஞாபகம் இருந்தது, ஆனால் எழும்ப முடியவில்லை. இந்த வியாபாரம் எடுத்துக்கொண்ட நித்திரையை நான் டொலரில் கணக்கிட்டுப் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் கோல் மட்டும் வாங்கினேன். அதில் காசு போன விதம் சத்தமில்லாதது. பங்கு ஏறும் என்று வாங்குவேன், பங்கு ஏறும், ஆனால் மூன்று நாள் கழித்து ஏறும். அதற்குள் ஒப்ஷன் பாதியாகிவிடும். வாராந்த ஒப்ஷனின் விலையில் பெரும் பகுதி நேரத்துக்கான காசு. அது சனி ஞாயிறுக்கும் விடுமுறை எடுக்காது. இன்னொரு பொறி, கம்பனி தன் காலாண்டு இலாப நட்ட அறிக்கையை வெளியிடும் வாரம். அறிக்கைக்கு முதல் நாள் எல்லோரும் ஒப்ஷன் வாங்க அடிபடுவதால் விலை ஊதிப்போய் இருக்கும். அப்படி 150 டொலர்ப் பங்கு ஒன்றின் 155 கோலை 3.40 கொடுத்து வாங்கினேன். அறிக்கை நல்லது. பங்கு 154 இற்கு ஏறியது. என் கோல் 1.90 இற்கு இறங்கியது. திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் விளங்காமல் இருந்தேன். அறிக்கை வந்ததும் எதிர்பார்ப்புக்குக் கொடுத்த காசு ஆவியாகிவிடும் என்பது அப்புறம்தான் படித்துத் தெரிந்தது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையில் 1.10 இற்கு வாங்க ஒருவர், 1.30 இற்கு விற்க ஒருவர் என்றால், நுழைந்த கணமே ஒரு ஒப்பந்தத்தில் 20 டொலர் நட்டம். கொமிஷன் 65 சதம்தானே என்று நினைக்கிறோம். உண்மையான கொமிஷன் இந்த இடைவெளிதான். இது 5 சதத்துக்கு மேல் இருக்கும் ஒப்ஷனைத் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அன்றே வாங்கி அன்றே விற்றால் என்ன என்று கேட்பீர்கள். அப்போது இருந்த விதிப்படி, 25,000 டொலருக்குக் குறைந்த மார்ஜின் கணக்கில் (புரோக்கரிடம் கடன் வாங்கி வியாபாரம் செய்யக்கூடிய கணக்கு) ஐந்து வேலை நாட்களுக்குள் நான்காவது தடவை அப்படிச் செய்தால் கணக்கைக் கட்டுப்படுத்திவிடுவார்கள். சிறிய கணக்கைப் பாதுகாக்க வந்த விதி. நடைமுறையில் அது விற்க வேண்டிய ஒப்ஷனை அடுத்த நாள் வரை கட்டி அழ வைத்தது.

2022 ஐக் கொழும்பில் கழித்தவர்களுக்கு அடுத்தது விளங்கும். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ரவுட்டர் போய்விடும். கொஞ்ச நேரத்தில் ஃபோன் சிக்னலும் தேயும், டவரில் இருக்கும் பெற்றரியும் எவ்வளவு நேரத்துக்கு என்று தாங்கும்! ஒரு இரவு கோல் ஒன்று நல்ல இலாபத்தில் நின்றபோது லைட் போனது. பல்கனியின் மூலையில், கடற்கரைப் பக்கம் கையை நீட்டி ஃபோனைப் பிடித்தால் ஒரு கோடு சிக்னல் வரும். திரை பாதி திறக்கும், வட்டம் சுற்றும், நின்றுவிடும். பக்கத்து பிளட்காரர் மெழுகுதிரியோடு வந்து, "தம்பி, ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டார். லைட் வந்தபோது இலாபம் இல்லை, முதலிலும் பாதி இல்லை. அதிலிருந்து பழகியது ஒன்று: ஒப்ஷனை வாங்கிய கையோடு, விற்கும் விலையையும் போட்டு ஓடரைப் புரோக்கரிடமே விட்டுவிடுவது, நாங்கள் இரத்துச் செய்யும் வரை அது அங்கேயே நிற்கும்படி. எங்கள் வீட்டுக் கரண்டை அது நம்பியிருக்காது. ஆனால் நட்டத்தை நிறுத்துவதற்கு அதேபோல ஸ்டொப் ஓடர் போட்டு விடுவது ஒப்ஷனில் சரிவராது. இடைவெளி ஒரு நிமிடம் விரிந்தாலே அது தட்டுப்பட்டுக் கேவலமான விலைக்கு விற்றுவிடும்.

அந்த வருடம் இன்னொரு மாயமும் நடந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம். மே மாதம் 360. என் 14,000 டொலர் 9,000 ஆகக் கரைந்திருந்தது, ஆனால் ரூபாயில் பார்த்தால் 28 இலட்சம் 32 இலட்சமாகியிருந்தது. வீட்டில் கேட்டால் ரூபாயில்தான் சொல்வேன், பொய்யில்லைதானே. உண்மையில் சும்மா விட்டிருந்தால் அது 50 இலட்சம். டொலரில் வியாபாரம் செய்தால் நட்டத்தையும் டொலரிலேயே எழுதி வையுங்கள். அந்த வருடக் கடைசியில் இங்கே நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தார்கள். ஒப்ஷன் என்றால் என்னவென்றே தெரியாத அம்மா என்னைவிட நன்றாகச் செய்தா.

வாங்கி நட்டப்பட்டதால் விற்கும் பக்கம் போனேன். அதைத்தான் வீடியோக்களும் சொல்லின: நேரம் வாங்குபவனுக்கு எதிரி, விற்பவனுக்கு நண்பன். தனியாக விற்றால் ஆபத்து, ஆகவே ஒன்றை விற்று, அதற்குக் கீழே இன்னொன்றைக் காப்பாக வாங்குவது, ஸ்ப்ரெட் என்பார்கள். 2023 ஆடிவேல் காலம். 205 டொலர் அளவில் நின்ற ஒரு பங்கில் 200 புட்டை விற்று 195 புட்டை வாங்கினேன், இரண்டு ஒப்பந்தம். கையில் வந்தது 180 டொலர். புரோக்கரின் திரை கொட்டை எழுத்தில் காட்டியது: அதிகபட்ச நட்டம் 820 டொலர். கணக்கில் அப்போது 6,000 இருந்தது. தாங்கும்.

வெள்ளி பின்னிரவு சந்தை மூடியபோது பங்கு 200.30. இரண்டு புட்டும் பூச்சியம், 180 டொலரும் எனக்கு. கொம்பியூட்டரை மூடிவிட்டுப் படுத்தேன். நான் படுத்த பிறகு அந்தக் கம்பனி பற்றி ஒரு செய்தி வந்தது. மணி அடித்த பிறகும் பங்கு வியாபாரம் நடக்கும், அதில் விலை 197 இற்கு இறங்கியது. இனி இதைக் கவனமாக வாசியுங்கள். சந்தை மூடினாலும் ஒப்ஷனை வாங்கி வைத்திருப்பவருக்கு, அதைப் பயன்படுத்தப் போகிறேனா இல்லையா என்று அறிவிக்க நியூயோர்க் நேரம் மாலை 5.30 வரை அவகாசம் உண்டு. புரோக்கர்கள் சிலர் அதற்கு முன்பே வாசலை மூடுவார்கள். அந்த 5.30 இங்கே அதிகாலை 3 மணி. நான் விற்ற 200 புட்டை வைத்திருந்தவர், 197 இற்கு விழுந்த பங்கை 200 இற்கு என் தலையில் கட்டிவிட்டார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். என் காப்பான 195 புட்டோ பங்கு அந்த விலைக்கு வராததால் செத்துப்போயிருந்தது. சனி காலை மின்னஞ்சலைத் திறந்தால், 200 பங்கு, பங்கொன்று 200 டொலர், மொத்தம் 40,000 டொலர். கணக்கில் இருப்பது 6,000. கீழே மார்ஜின் பற்றாக்குறை என்று சிவப்பில் ஒரு வரி.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒன்றும் செய்ய முடியாது. காலி வீதியில் தேர் போகிறது, நாதஸ்வரம் கேட்கிறது, பிள்ளை தோளில் ஏறி நிற்கிறாள். எனக்கு மனதில் ஓடுவது ஒரு பெருக்கல் கணக்கு: பங்கு ஒரு டொலர் இறங்கினால் 200 டொலர், ஐந்து இறங்கினால் 1,000, இருபது இறங்கினால் கணக்கில் மிஞ்சுவது 2,000. மனைவிக்குச் சொல்லவில்லை. நெஞ்சு அடைத்தது என்று எழுதினால் மிகைப்படுத்தல் மாதிரி இருக்கும், ஆனால் சாப்பாடு இறங்கவில்லை என்பது உண்மை. புரோக்கரின் அரட்டைப் பெட்டியில் எழுதிக் கேட்டேன். திங்கள் திறந்ததும் நீங்கள் விற்காவிட்டால் நாங்கள் விற்போம் என்ற பதில் வந்தது.

அமெரிக்காவில் சந்தை திறக்க முந்திய வியாபாரம் அதிகாலை 4 மணிக்கே தொடங்கும், இங்கே திங்கள் மதியம் 1.30. ஒபிஸில் சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் நின்று ஃபோனில் பார்த்தபோது 192. உடனே 192 இற்கு விற்க ஓடர் போட்டேன். அது நகரவே இல்லை. விலை 191.50 ஆகும், திரும்ப 192.20 ஆகும், என் ஓடர் அப்படியே நிற்கிறது. வழமையான நேரத்துக்கு வெளியேயும் நிறைவேற்றலாம் என்று ஒரு சிறிய கட்டம், ஓடர் திரையில் கீழே இழுத்துப் பார்த்தால்தான் தெரியும், அதில் சரி போட்டிருக்க வேண்டும். அது தெரிய வந்தது இரவு. 7 மணிக்குச் சந்தை திறந்தது, 190 இற்குப் புரோக்கரே விற்றார். 2,000 டொலர் நட்டம், கிடைத்த 180 ஐக் கழித்தால் 1,820. அன்றைய ரூபாய்க்கு ஐந்தே முக்கால் இலட்சத்துக்கும் மேல். அதிகபட்ச நட்டம் 820 என்று காட்டிய திரை பொய் சொல்லவில்லை. இரண்டு புட்டும் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தக் கணக்கு பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட்டது, அவ்வளவுதான்.

ஆகவே விற்கும் பக்கம் போகிறவர்களுக்கு: நீங்கள் விற்ற ஒப்ஷனில் குறித்த விலைக்கு (என் கதையில் 200) அருகில் பங்கு நின்றால், முடிவு நாளில் மணி அடிக்கும்வரை வைத்திருக்க வேண்டாம். அந்த வெள்ளி கடைசி நிமிடங்களில் 200 புட்டை 15 சதம் போல கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கலாம். இரண்டு ஒப்பந்தத்துக்கும் 30 டொலர். இன்னும் நல்லது, வியாழனே முடித்துவிட்டு வெள்ளி நிம்மதியாகத் தூங்குவது. பங்கு கைமாறும் தலையிடியே வேண்டாம் என்றால், எஸ் அண்ட் பி 500 என்ற அமெரிக்கச் சுட்டெண்ணின் எஸ்.பி.எக்ஸ். ஒப்ஷனும் அதன் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள எக்ஸ்.எஸ்.பி.யும் நிஃப்டி மாதிரியே காசாகத் தீர்பவை, முன்கூட்டிப் பயன்படுத்தவும் முடியாது. ஆனால் அதே எஸ் அண்ட் பி 500 ஐப் பின்தொடரும் எஸ்.பி.வை. என்ற நிதி அப்படியல்ல, அதில் பங்கு கைமாறும். பெயர் ஒரே மாதிரி இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். இதனால் நட்டம் வராது என்று நான் சொல்லவில்லை. நட்டம் திரையில் காட்டிய இடத்தில் நிற்கும், அவ்வளவே.

இன்னொன்று. அந்தத் திங்களைப் பற்றித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், கதை சுவாரசியமானது. ஆனால் 14,000 ஐ 6,000 ஆக்கியது அதுவல்ல. முன்னர் சொன்ன சத்தமில்லாத கோல்கள்தான். இந்தியாவின் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 இலிருந்து 2023-24 வரை பங்கு எதிர்கால ஒப்பந்த (ஃபியூச்சர்ஸ்), ஒப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 வீதமானவர்கள் நட்டப்பட்டதாகவும், மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி இந்திய ரூபாயைத் தாண்டியதாகவும் கண்டிருக்கிறார்கள். அதன் பிறகு ஒரு சந்தைக்கு ஒரு சுட்டெண்ணுக்கு மட்டும் வாராந்த ஒப்ஷன் என்று சுருக்கினார்கள். நிஃப்டி முடிவு நாளும் 2025 செப்டெம்பரிலிருந்து வியாழன் அல்ல, செவ்வாய். வியாழன் தந்திரம் என்று இன்னமும் ஓடும் வீடியோக்களை இதை வைத்தே அடையாளம் காணலாம். "என் பெயரில் இந்தியக் கணக்கு இருக்கிறது, நீங்கள் காசை மட்டும் போடுங்கள், இலாபத்தில் பாதி" என்று டெலிகிராமில் வருகிறவர்களும் உண்டு. ஒருவர் எனக்கும் எழுதினார். வேறொருவன் பெயரில் இருக்கும் கணக்கில் உங்கள் காசுக்கு உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்காது.

மிஞ்சிய 4,100 சொச்சம் டொலரை எடுத்து இங்கே வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றில் போட்டேன். அதுவும் ஒரே நாளில் முடியவில்லை. காசு எங்கிருந்து வருகிறது என்று வங்கியில் கேட்டார்கள், சிங்கப்பூர்ச் சம்பளச் சீட்டுகளும் புரோக்கர் கணக்கின் மாதக் கூற்றுகளும் கொடுக்க வேண்டியிருந்தது. கணக்கை மூடினால் பழைய கூற்றுகளைத் திரும்ப எடுப்பது சிரமம். மூட நினைப்பவர்கள் முதலில் எல்லாவற்றையும் தரவிறக்கி, ஒரு பிரதி அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.